கணவரையோ பிள்ளையையோ பார்த்துக்கொள்ளும் மூத்தவர்களுக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுக்கையில் இருக்கும் கணவரையோ அறிவுசார் குறைபாடுள்ள மகனையோ கவனித்துக்கொள்ளும் அம்மாவுக்கே 70 வயது. அவருக்கே மூட்டுத் தேய்மானம், பார்வை மங்கல். தெருக்காரர்களும் குடியிருப்போர் சங்கமும் உதவ வருவது நல்லதுதான். ஆனால் கேட்காமல் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்யக் கூடாது. சமையலறையை ஒழுங்குபடுத்துகிறோம் என்று டப்பாக்களை இடம் மாற்றினால், கைப்பழக்கத்தில் சமைப்பவர் மறுநாள் உப்பு டப்பாவைத் தேடித் தடுமாறுவார். எது முடியவில்லை என்று அவரே சொல்லட்டும்.

பெரும்பாலும் படுக்கையில் இருப்பவரைத் தூக்கி உட்காரவைப்பதில்தான் ஆள் தேவைப்படும். அங்கேதான் அக்குளில் கை கொடுத்து இழுக்கிறார்கள். பக்கவாதம் வந்தவரின் தோளைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்திருக்கும். அப்படி இழுத்தால் மூட்டு நழுவலாம். சக்கர நாற்காலியை அவருக்குப் பலமுள்ள பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சற்றே சாய்வாக நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கையும் போட்டுக் கால்மிதிகளை மடக்குங்கள். கட்டில் ஓரத்துக்கு நகர்த்திப் பாதம் இரண்டும் தரையில் பதிந்த பிறகு, அவர் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி அவரையும் சேர்ந்து எழச் சொல்லுங்கள். காலே ஊன்ற முடியாதவரை ஒற்றை ஆளாகத் தூக்க வேண்டாம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொன்னால் சந்தேகம் தீரும்.

வாசலில் மூன்றடிப் பலகையைப் போட்டுவிட்டுச் சாய்தளம் என்பார்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும்: 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர், 45 செ.மீ. உயர வாசலுக்கு 5.4 மீட்டர். குட்டையாக இருந்தால், தள்ளும் வயதானவர் மேலேயே நாற்காலி திரும்பி வரும். இடம் போதாவிட்டால் நடுவில் சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம்.

எல்லா வேலையையும் ஒரே பக்கத்துவீட்டுக்காரர் தலையில் கட்டாதீர்கள். அவர் ஊருக்குப் போனால் ஏற்பாடே நின்றுவிடும். மூன்று பேராவது முறை வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, ஒவ்வாமை, மகன் வலியை எப்படிக் காட்டுவான் என்பதெல்லாம் ஒரே தாளில் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கட்டும். ஏடிஎம் கார்டையும் பின் எண்ணையும் மட்டும் யாரும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

அதிகம் தள்ளிப்போடப்படுவது காகித வேலை. மகனுக்கு 18 வயது நிறைந்ததும், பெற்றோர் என்பதாலேயே சட்டப்படி பாதுகாவலர் என்ற நிலை முடிந்துவிடுகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு விண்ணப்பிக்க ஓடாமல், அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே அழைத்துப் போங்கள். பாதுகாவலர், நியமனமான ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் தர வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். வீட்டில் அரசு ஓய்வூதியர் இருந்தால், குடும்ப ஓய்வூதியத்துக்கு மகன் பெயரை அவர் இருக்கும்போதே பதிவுசெய்யச் சொல்லுங்கள்.