குழந்தையின் உடம்பில் ஈயம்: வீட்டுக்குள் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருக்கிறது என்று அறிக்கை வந்ததும் பலர் முதலில் செய்வது, கடையில் கிடைக்கும் சோதனைக் கிட் ஒன்றை வாங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்துப் பார்ப்பதுதான். அந்த வேலை வரிசையில் பின்னால் வர வேண்டியது. வீட்டில் நூறு பொருள்களில் ஈயம் இருக்கலாம். அவற்றில் எது குழந்தையின் வாய்க்குப் போகிறது என்பதுதான் கேள்வி. அதனால் வீட்டைத் தேடுவதை விட்டுவிட்டுக் குழந்தையைப் பின்தொடருங்கள்.

ஒரு சின்ன விளக்கம்: இங்கே ஈயம் என்று சொல்வதெல்லாம் காரீயத்தை. பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் வேறு உலோகம்.

படி 1: எந்த உலோகம், எவ்வளவு?

ஈயத்துக்கு ரத்தப் பரிசோதனை. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் அளவு கூடுதலாக வந்தால், கை ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். விரல் தோலில் ஒட்டியிருக்கும் தூசியே எண்ணை ஏற்றிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் அதே ஆண்டு 3.5 என்று வைத்துக்கொண்டார்கள். இதற்குக் கீழே இருந்தால் பத்திரம் என்று அர்த்தமில்லை. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை.

ஆர்செனிக்குக்குச் சிறுநீர்ப் பரிசோதனை. அதற்கு முந்தைய சில நாள்களில் மீன், இறால், நண்டு சாப்பிட்டிருந்தால் தீங்கில்லாத வகை ஆர்செனிக்கும் சேர்ந்து எண்ணிக்கையில் வந்து பயமுறுத்தும். முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பாதரசத்தில், தெர்மாமீட்டரிலும் கிரீம்களிலும் இருக்கும் வகைகளைச் சிறுநீர் காட்டும். மீன் வழியாக வருவதை ரத்தம் காட்டும். முடியை வெட்டி அனுப்பினால் எல்லா உலோகத்தையும் சொல்கிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். ஈயத்தைப் பொறுத்தவரை முடிப் பரிசோதனையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மருந்து கொடுத்து உலோகத்தை வெளியே இழுத்து, அந்தச் சிறுநீரை அளக்கும் சோதனையும் அப்படித்தான்.

வீடுகளில் பெரும்பாலும் சிக்குவது ஈயம் என்பதால் இனி வருவதில் அதற்கே அதிக இடம்.

படி 2: ஒரு நாள் முழுக்கத் தரையில் உட்காருங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு குழந்தையின் உயரத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். எதைத் தொடுகிறது, எதைக் கடிக்கிறது, எங்கே படுத்துப் புரளுகிறது, எந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதவை நிறைய. தொட்டில் கம்பியில் பல் பதிந்த இடம், சோபாவுக்குக் கீழே குவிந்த தூசி, பெரியவர்கள் அழுகையை நிறுத்தக் கையில் கொடுக்கும் சாவிக்கொத்து. பித்தளைச் சாவிகள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கும். அதைக் கடிக்கக் கொடுப்பதை இன்றைக்கே நிறுத்தலாம், சோதனைகூட வேண்டாம்.

அதே நோட்டில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

கடந்த இரண்டு மூன்று மாதத்தில் என்ன மாறியது? ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். அதனால் ரத்த அளவு பெரும்பாலும் சமீபத்திய கதையைத்தான் சொல்கிறது. வீடு மாறியது, பக்கத்து வீட்டில் சுவரைச் சுரண்டியது, குழந்தை தவழத் தொடங்கியது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நெடுநாளாக உள்ளே போயிருந்தால் எலும்பில் தங்கிய ஈயமும் மெல்லத் திரும்பி வரும், அது தனிக்கதை.

வீட்டில் வேறு யாருக்கு அளவு கூடியிருக்கிறது? முடிந்தால் அண்ணன் தங்கைகளுக்கும் பாருங்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் என்றால் அதன் பொருள், அதன் பழக்கம், அது தூங்கும் அறை. எல்லாக் குழந்தைகளுக்கும் என்றால் தூசி, தண்ணீர், பொதுவான உணவு. பெரியவர்களுக்கும் சேர்ந்து கூடியிருந்தால் சமையலறை பக்கமும் வேலைக்குப் போகிறவர் பக்கமும் திரும்புங்கள். இந்த ஒரு கேள்வி பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

பகலில் குழந்தை வேறு எங்கே இருக்கிறது? இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

படி 3: பெயின்ட், அதைவிட முக்கியமாகத் தூசி

பழைய வீடு என்றால் முதல் சந்தேகம் பெயின்ட் மேல்தான் வர வேண்டும். அமெரிக்கா வீட்டு உபயோகத்துக்கான ஈய பெயின்டை 1978-ல் தடை செய்தது. பல நாடுகள் மிகவும் தாமதமாகத்தான் சட்டம் போட்டன, இன்னும் போடாத நாடுகளும் உண்டு. எனவே உங்கள் நாட்டில் சட்டம் எப்போது வந்தது, வீடு எப்போது கட்டப்பட்டது என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இப்போது உலக அளவில் பரிந்துரைக்கப்படும் உச்ச வரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. பழைய பெயின்டில் இதுபோல நூறு மடங்குக்கும் மேல் இருப்பது சாதாரணம்.

குழந்தை சுவரிலிருந்து பெயின்டை உரித்துத் தின்றால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத தூசிதான் பெரிய வழி. ஜன்னலைத் திறந்து மூடும்போது சட்டமும் சட்டமும் உரசும், கதவு நிலையில் இடிக்கும். அங்கே பெயின்ட் மாவாக அரைபடும். அந்த மாவு தரைக்கு வரும், தரையிலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாகச் சின்னக் குழந்தைகளின் குடல் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே சோதிக்க வேண்டிய இடங்கள் வரிசையாக: ஜன்னல் பள்ளம், ஜன்னல் திண்டு, கதவு நிலை, படிக்கட்டுக் கைப்பிடி, பிறகு சுவர்.

இப்போது கிட்டை எடுக்கலாம். ஈயம் பட்டால் இளஞ்சிவப்போ சிவப்போ ஆகும் குச்சிகள்தான் அதிகம் விற்கின்றன. அவை மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். பழைய ஈய பெயின்டின் மேல் புதுப் பூச்சு இரண்டு அடித்திருந்தால் எதுவுமே தெரியாது. ஓரமாக ஒரு மூலையில் அடிச்சுவர் வரை சின்ன வெட்டு போட்டு எல்லா அடுக்கிலும் தேய்க்க வேண்டும். சிவப்பு பெயின்டின் மேல் தேய்த்தால் சாயமே ஒட்டி ஏமாற்றும். என் கருத்தில், குச்சியில் ‘இருக்கிறது’ என்று வந்தால் நம்பி ஜாக்கிரதையாக இருங்கள். ‘இல்லை’ என்று வந்தால் அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். கையில் பிடித்துச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவி உள்ளவர் கிடைத்தால் அடியில் உள்ள அடுக்குகளையும் சேதமில்லாமல் பார்த்துவிடுவார். அவர் கிடைக்காவிட்டால், அளந்த ஒரு சதுரப் பரப்பை ஈரத் துணியால் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் தூசிச் சோதனை செய்யலாம். குழந்தை உண்மையில் தொடுவதை அளப்பது அதுதான்.

ஈயம் இருக்கிறது என்று தெரிந்ததும் உடனே சுரண்டி எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள்! உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவது, தீயால் சூடாக்கி உரிப்பது இரண்டும் இருந்த ஆபத்தைப் பல மடங்காக்கும். அதற்கென்று பயிற்சி பெற்றவர் வரும்வரை ஈரத் துணியால் துடையுங்கள், கட்டிலை அந்த ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பி வேறு இடத்தில் உட்காரும், அவ்வளவுதான்.

வெளியே மண்ணையும் ஒரு பார்வை பாருங்கள். பழைய சுவரின் அடியில், பெயின்ட் உதிர்ந்து மழை சொட்டும் இடத்தில் ஈயம் சேரும். போக்குவரத்து அதிகமான சாலையோர மண்ணில் பழைய ஈயப் பெட்ரோலின் மிச்சம் இருக்கும். கார்களுக்கான ஈயப் பெட்ரோலை உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல்தான். மண்ணில் விழுந்த ஈயம் மக்கிப் போகாது.

படி 4: வேலையிலிருந்து வீட்டுக்கு வருவது

பேட்டரி உடைப்பது, பழைய பெயின்டைச் சுரண்டுவது, பற்றவைப்பது, பழைய இரும்பு வியாபாரம், துப்பாக்கிப் பயிற்சி, தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்ப்பது. வீட்டில் யாராவது இவற்றில் ஒன்றைச் செய்தால், பாதி விடை கிடைத்த மாதிரி. வேலை உடுப்பும் செருப்பும் வீட்டுக்குள் வரக்கூடாது, துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், குழந்தையைத் தூக்கும் முன் குளித்துவிட வேண்டும். வண்டியின் இருக்கையையும் துடையுங்கள்.

படி 5: தண்ணீர்

இரண்டு பாட்டில் தண்ணீர் பிடிக்க வேண்டும். முதலாவது, குறைந்தது 6 மணி நேரம் யாரும் குழாயைத் திறக்காமல் இருந்து, காலையில் வரும் முதல் தண்ணீர். இரண்டாவது, சில நிமிடம் ஓடவிட்ட பிறகு. முதலாவதில் ஈயம் அதிகம், இரண்டாவதில் குறைவு என்றால் குழாய்த் தலையையோ பக்கத்து இணைப்பையோ சந்தேகிக்கலாம். இரண்டிலும் அதிகம் என்றால் வெளியிலிருந்து வரும் குழாயையும் பாருங்கள். உலோகக் குழாயை நாணயத்தால் லேசாகச் சுரண்டினால் மென்மையாக வெள்ளி போல் பளபளத்து, காந்தமும் ஒட்டவில்லை என்றால் அது ஈயக் குழாயாக இருக்க வாய்ப்புண்டு.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஈயத்திலும் ஆர்செனிக்கிலும் எடுபடாது. தண்ணீர் ஆவியாகும், உலோகம் அப்படியே நிற்கும். சுடுதண்ணீர்க் குழாயில் பிடித்துப் பால்பவுடர் கலக்கவும் கூடாது, சூடான நீர் ஈயத்தை அதிகமாகக் கரைக்கும். குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள், துகள்கள் அங்கேதான் தங்கும். கிணற்று நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் ஆர்செனிக்கையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

படி 6: சமையலறை

2023-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. விசாரித்துக்கொண்டே போனபோது அவர்களுக்குப் பொதுவாக இருந்தது, இலவங்கப்பட்டை சேர்த்த ஆப்பிள் கூழ்ப் பொட்டலம் ஒன்று. பட்டைத்தூளில் ஈயமும் குரோமியமும் இருந்தன, லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமி மாதிரி. தூளாக்கிய மசாலாக்களில் நிறத்துக்காக இதைக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நோட்டில், குழந்தை தினமும் சாப்பிடுவதைத் தனியாக எழுதி, அவற்றில் தூளாக வருவதை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

பாத்திரங்களில், பளபளக்கும் பூச்சு போட்ட பழைய பீங்கானும், பழைய உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியமும், பித்தளையும் சந்தேகத்துக்குரியவை. புளிப்பான உணவு அவற்றிலிருந்து ஈயத்தை இழுக்கும். விசேஷத்துக்கு மட்டும் எடுப்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், தினமும் அடுப்பில் ஏறுவதை முதலில் மாற்றுங்கள்.

படி 7: சின்னச் சின்னப் பொருள்கள்

மலிவான உலோக நகைகளில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். 2006-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 4 வயதுச் சிறுவன் ஒருவன், காலணியுடன் இலவசமாக வந்த கைச்சங்கிலியின் தொங்கட்டானை விழுங்கி இறந்தான். அதில் 99 சதவீதம் ஈயம். கனமாக, மந்தமான சாம்பல் நிறத்தில், வாய்க்குள் போகிற அளவில் இருக்கும் எதுவும் குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது.

கண்மைகளில் சிலவகை ஈய சல்பைடாலேயே ஆனவை. உலோகம் சேர்த்துச் செய்த பாரம்பரிய மருந்து எதையாவது கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். பாதரசம் என்றால் முதலில் நிறம் வெளுக்கும் கிரீம்களைப் பாருங்கள். பூசிக்கொள்வது அம்மா என்றாலும் துண்டு, தலையணை, அணைப்பு வழியாகக் குழந்தைக்குப் போய்ச்சேரும். லேபிளில் கலோமெல், மெர்க்யூரிக், மெர்க்யூரஸ் என்ற சொற்கள் இருந்தால் வேண்டாம். லேபிளே இல்லாவிட்டால் கண்டிப்பாக வேண்டாம். உடைந்த தெர்மாமீட்டரை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சக்கூடாது, ஆவி வீடெங்கும் பரவும்.

படி 8: கண்டுபிடித்த பிறகு

ஒரே ஒரு காரணம்தான் இருக்கும் என்று எண்ணாதீர்கள். தூசியும் பாத்திரமும் சேர்ந்தே அளவை ஏற்றியிருக்கலாம். தினமும் நடப்பதை முதலில் நிறுத்துங்கள், எப்போதாவது நடப்பதைப் பிறகு. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருக்கும் குழந்தை ஈயத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால் அதையும் பரிசோதித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஈயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவாக ரத்த அளவு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் போகும்போதுதான், அதுவும் மருத்துவக் கண்காணிப்பில். ‘டீடாக்ஸ்’ என்று விற்கும் பொடியையும் சொட்டு மருந்தையும் தொடாதீர்கள்.

மறுபரிசோதனை சாதாரணமாக மூன்று மாதத்தில். அளவு அதிகமாக இருந்தால் மருத்துவர் சீக்கிரமே வரச் சொல்வார். எண் மெதுவாக இறங்கினால் சரியான பாதை, பல மாதம் ஆகலாம். கொஞ்சமும் இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ இன்னும் ஏதோ ஒன்று பாக்கி இருக்கிறது. அப்போது குழந்தை பகலில் இருக்கும் மற்ற வீட்டிலும் ஜன்னல் பள்ளத்திலிருந்து தொடங்குங்கள்.