கத்தாரியர் கோட்டைகளுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தென்பிரான்ஸின் மலைக்கோட்டைகளுக்கு ஆட்களை அழைத்துப் போவது என் தொழில். தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே புதிதாக வருகிறவர்களும் ஒவ்வொரு கோடையிலும் செய்கிறார்கள். தண்ணீர், தொப்பி, முன்பதிவு பற்றியெல்லாம் ஏற்கெனவே பலர் சொல்லிவிட்டார்கள்.

நிற்கும் சுவரைக் கத்தாரியர் சுவர் என்று நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கத்தாரியர், போப்பின் திருச்சபையை ஏற்காத கிறிஸ்தவர்கள். 1209இல் அவர்களுக்கு எதிரான சிலுவைப்போர் இந்த மண்ணில் இறங்கியது. அவர்களுடைய பெரிய புகலிடமான மோன்செகூர், பத்து மாத முற்றுகைக்குப் பின் 1244 மார்ச்சில் சரணடைந்தது. நம்பிக்கையைக் கைவிட மறுத்த 200க்கும் மேற்பட்டோரை உயிரோடு எரித்தார்கள்.

போன கோடையில் ஒரு தம்பதி 1,207 மீட்டர் உயரத்தில் இருக்கும் மோன்செகூருக்கு மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். அந்த அம்மா சுவரில் கை வைத்து, "அவங்க அடுக்கின கல்லு" என்று கண்கலங்கினார். அவர் கை வைத்த சுவர், முற்றுகை முடிந்தபின் வென்ற தரப்பின் பிரபு வம்சம் எழுப்பியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கையிலிருந்த சுற்றுலாத் துண்டறிக்கையில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்.

இதனால் என்ன நஷ்டம் தெரியுமா? எல்லோரும் முற்றத்தில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்த மக்கள் குடியிருந்த இடமோ மதிலுக்கு வெளியே, பாறைச் சரிவில் இருக்கிறது. திட்டுத்திட்டாக வெட்டிய குறுகிய தளங்கள், அவற்றின்மேல் வீடுகளின் அடித்தளக் கற்கள். ஒரு வீட்டு வாசலில் நின்றால் அடுத்த வீட்டின் கூரை காலடியில் இருந்திருக்கும், அவ்வளவு நெருக்கம். அந்த நெருக்கத்தில்தான் பத்து மாதம் தாக்குப்பிடித்தார்கள். அங்கே தோண்டி எடுத்த பொருட்கள் கீழே ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதையும் பார்க்காமல் பஸ் ஏறுகிறவர்களைக் கண்டால் மனசு ஆறுவதில்லை.

பெய்ர்பெர்த்தூஸ், கெரிபுஸ், புய்லோரான் ஆகிய கோட்டைகளின் கதையும் இதேதான். 1258 கொர்பேய் உடன்படிக்கையில் பிரான்ஸுக்கும், இன்றைய ஸ்பெயின் பக்கம் இருந்த அரகோன் அரசுக்கும் எல்லை வகுத்தார்கள். பிரெஞ்சு அரசர்கள் இவற்றை எல்லைக் காவல் கோட்டைகளாகத் திருத்திக் கட்டினார்கள். 1659இல் எல்லை பிரனீஸ் மலைக்கு நகர்ந்ததும் இவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. இது தெரிந்து ஏறினால், இவை ஏன் தெற்கைப் பார்த்தபடி வரிசையாக நிற்கின்றன என்பது தானாகவே விளங்கும்.

கர்கசோன் கோட்டை நகரைப் "போலி" என்று ஒதுக்குவது

கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் 1853இல் அதைப் புதுப்பிக்கத் தொடங்கினார் என்று எங்கோ படித்துவிட்டு, உள்ளேயே போகாமல் திரும்புகிறவர்கள் உண்டு. சாம்பல்நிறக் கூம்புக் கூரைகள் அவருடைய கைவேலை, சரி. உள்மதிலின் அடிப்பகுதிக்குப் போய்க் குனிந்து பாருங்கள்: சிறுசிறு கற்கள், நடுநடுவே செங்கல் வரிகள். அவை ரோமானியர் காலத்தவை.

காற்று

கெரிபுஸ் படிகளில் குழந்தையின் கையை விடாதீர்கள்.

ஒரே நாளில் நான்கு கோட்டை

இரண்டு போதும்.

இடி

இடி இடித்தால் பெய்ர்பெர்த்தூஸை மூடிவிடுவார்கள். அங்கே பாறையில் வெட்டிய படிகள் ஈரத்தில் வழுக்கும். காவலரிடம் கெஞ்சிப் பார்க்காதீர்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.