இரைப்பை பைபாஸுக்குப் பிறகு பசியாறுவது எப்படி?
மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் பசியாற என்றாலே ரொட்டி சானாயும் (பரோட்டா போன்றது) தே தாரிக்கும்தான் (கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தேநீர்). இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்த என் வயிற்றுக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. ரொட்டி பிசினாகத் திரண்டு நெஞ்சை அடைக்கும். கெட்டிப்பாலின் சர்க்கரை விறுவிறுவென்று சிறுகுடலுக்குள் இறங்குவதால் அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு.

இப்போது முதலில் அவித்த முட்டை ஒன்று, அதில் 6 கிராம் புரதம். அடுத்து முள் எடுத்த கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) 2 மேசைக்கரண்டி, குழம்பில் நனைத்து. வறுத்தது வறண்டுபோய் இறங்காது. இடமிருந்தால் மட்டும் மொறுமொறு தோசை ஓரம். 20 நிமிடம் மென்று சாப்பிட வேண்டும். தண்ணீர் அரை மணி கழித்துத்தான்.

இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது. கால்சியத்துக்கும் அதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள்.

வாயில் நுரையாக எச்சில் ஊறினால் சாப்பாட்டை நிறுத்திக் கையைக் கழுவிவிடுங்கள். சிக்கிய உணவைத் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்த்தால் வாந்திதான்.