பென் டிரைவ் செய்த வேலை: டெபியன் 11இலிருந்து 12க்கு

உவர்மலையில் எங்கள் வீட்டு மீடியா சர்வர் ஒரு பழைய மடிக்கணினிதான். கரண்ட் போனாலும் பற்றரி கொஞ்ச நேரம் தாங்கும், அப்டேட் நடுவில் அறுந்துபோகாது.

அதில் ஓடியது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 11ஆம் பதிப்பு. டெபியன் 12 வந்தது 2023 ஜூனில். நான் கைவைத்தது மிகவும் பிந்தித்தான். முதலில் படங்களைப் பரிமாறும் மென்பொருளான ஜெல்லிஃபினை நிறுத்திவிட்டு அதன் தரவுக் கோப்புறையைப் பென் டிரைவில் பிரதி எடுத்தேன். ஓடும்போது எடுத்தால் தரவுத்தளம் அரைகுறையாக வரலாம். அப்புறம் 11ஐயே முழுதாக அப்டேட் செய்து, மென்பொருள்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்டில் 'புல்ஸ்ஐ' (11இன் பெயர்) என்பதை 'புக்வோர்ம்' (12இன் பெயர்) ஆக்கினேன். ஜெல்லிஃபினின் தனி ரெப்போ (மென்பொருள் களஞ்சியம்) வரியையும் மாற்றவேண்டும். வைஃபை கருவியை இயக்கும் ஃபர்ம்வேருக்கு 12இல் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்று புதுப் பிரிவு, அதையும் சேர்த்தேன்.

அப்கிரேடை ஓட்டி முடித்து, எல்லாம் சரி என்று ரீபூட் செய்தால், முழுதாக எழும்பாமல் பாதியில் நிற்கும் எமர்ஜென்சி மோட்! நெஞ்சு திக்கென்றது. படங்கள் இருக்கும் வெளி டிஸ்கை, தொடங்கும்போது எந்த டிஸ்குகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'எஸ்டிபி1' என்று எழுதியிருந்தேன். அது கண்டுபிடிக்கப்படும் வரிசையைப் பொறுத்து மாறக்கூடிய பெயர். கழற்ற மறந்த பென் டிரைவ் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. 'பிஎல்கேஐடி' கட்டளையில் டிஸ்கின் மாறாத அடையாள எண்ணான யூயூஐடியைப் பார்த்து அதையே எழுதி, கூடவே 'நோஃபெயில்' சேர்த்தேன். இனி டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழும்பும்.

அம்மா சீரியல் பார்க்க வருவதற்குள் முடிந்தது.