சூப்பர் ஹீரோ பிறந்த கதைக்கு ஐந்தொகை போடுவது எப்படி

காரைக்குடியில் இரண்டாம் ஆட்டம் விட்டு வெளியே வரும் கூட்டத்தில் இரண்டே தீர்ப்புதான் காதில் விழும். பாதிப் பேர் "மாஸ்டா மாப்ள" என்பார்கள், மீதிப் பேர் "லாஜிக்கே இல்லடா" என்பார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு படத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அதிலும் சாதாரண ஆள் ஒருவன் சூப்பர் ஹீரோ ஆன கதை என்றால் இந்தச் சண்டை முடியவே முடியாது, ஏனென்றால் அந்த வகைப் படம் தொடங்குவதே நம்ப முடியாத ஒரு விஷயத்தில்தான். சிலந்தி கடித்தால் சுவர் ஏற முடியுமா என்று கேட்பவனிடம் என்ன பேசி ஜெயிப்பது?

அதனால் கொஞ்சம் முறையாகச் செய்வோம். பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதியே கடல் தாண்டிப் பிழைத்த ஊர்ப் பக்கம் இது, நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் வரவு, இன்னொரு பக்கம் பற்று. படம் நம்மிடம் நம்பிக்கையைக் கடனாக வாங்குகிறது. எவ்வளவு வாங்கியது, எதைத் திருப்பித் தந்தது, எதை அப்படியே விழுங்கிவிட்டது என்று கடைசியில் ஐந்தொகை (வரவையும் பற்றையும் நேர் செய்து பார்க்கும் கடைசிக் கணக்கு) எடுக்க வேண்டும், அவ்வளவுதான். (கீழே சில படங்களின் கதையைப் போட்டு உடைத்திருக்கிறேன். எல்லாம் பழைய படங்கள், கோபிக்காதீர்கள்.)

முதல் கடனுக்கு மட்டும் கேள்வி கேட்காதீர்கள். 1978 சூப்பர்மேனில் குழந்தை வேறு கிரகத்திலிருந்து வருகிறது. 2002 ஸ்பைடர்மேனில் மரபணு மாற்றிய சிலந்தி கடிக்கிறது. 2021-ல் வந்த மலையாளப் படம் மின்னல் முரளியில் மின்னல் தாக்குகிறது. இதை ஏற்றுக்கொள்ள முடியாது என்றால் அந்தப் படத்துக்கு நீங்கள் போயிருக்கவே வேண்டாம். ஆனால் சம்பந்தமில்லாத இரண்டாவது அதிசயம் ஒன்று வந்தால் உடனே பற்றுப் பக்கம் எழுதிவிடுங்கள். மின்னல் முரளி இங்கே கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. ஒரே ராத்திரி, ஒரே மின்னல், இரண்டு பேர். ஒருவன் தையல்காரன், இன்னொருவன் ஊரே பைத்தியம் என்று ஒதுக்கும் டீக்கடை ஆள். ஒரே கடனில் ஹீரோவும் வில்லனும் பிறந்துவிடுகிறார்கள். இது வரவு, பெரிய வரவு.

அடுத்து, படம் தன் வாயாலேயே சொல்லும் விதிகளை எழுதிக்கொள்ளுங்கள். சக்திக்கு எல்லை என்ன, எது செய்தால் போகும், ஆயுதம் எப்படி வேலை செய்யும் என்பதெல்லாம் பெரும்பாலும் இடைவேளைக்குள் யாராவது ஒருவர் வசனமாகச் சொல்லிவிடுவார். நாம் அந்த நேரம் முறுக்கு கடித்துக்கொண்டிருப்போம். உண்மையான கதை ஓட்டை என்றால் படம் தான் போட்ட விதியைத் தானே மீறுவதுதான். நம் பௌதிகப் பாடத்தை மீறுவது எல்லாம் அந்தக் கணக்கில் வராது.

இதற்கு 2005-ல் வந்த பேட்மேன் பிகின்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பயத்தைக் கிளப்பும் ஒரு நச்சை வில்லன் கும்பல் நகரத்துக் குடிநீரில் கலந்து வருகிறது. குடித்தவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேள்வி வரும்போது, அது நுரையீரல் வழியாகப் போனால்தான் வேலை செய்யும் என்று படமே பதில் சொல்கிறது. அதனால்தான் தண்ணீரை ஆவியாக்கும் ஒரு மைக்ரோவேவ் கருவியை ரயிலில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் யாருமே சுடுதண்ணீரில் குளிக்கவில்லையா? காப்பிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கவில்லையா? நம் வீட்டு அடுப்படியில் ரசம் ஒரு கொதி வந்தால் பட்டாலைக் கூடம் வரைக்கும் ஆவி வாசம் வரும். அப்படிப் பார்த்தால் முதல் நாள் காலையிலேயே பாதி நகரம் அலறியிருக்க வேண்டும். போதாததற்கு, மனித உடம்பில் சுமார் 60 சதவீதம் தண்ணீர்தான். பூமிக்கு அடியில் குழாயில் ஓடும் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கருவிக்குப் பக்கத்திலேயே நின்று சண்டை போடுகிறவர்களுக்கு வியர்ப்பதோடு சரி. இந்த இரண்டாவதை பௌதிகக் குறை என்று மன்னித்து விடலாம். முதலாவதை விட முடியாது, அது படமே போட்ட விதி.

இப்போது நோட்டில் "ஓட்டை" என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு விஷயம். நாம் ஓட்டை என்று சொல்வதில் முக்கால்வாசி வேறு ஏதோ ஒன்றாக இருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி வியாதி உண்டு. ஏவி.எம். ஸ்டுடியோ சென்னைக்குப் போவதற்கு முன் காரைக்குடியில்தான் இருந்தது, 1947-ல் வந்த நாம் இருவர் இங்கே எடுத்த படம். அன்றிலிருந்து இன்றுவரை ஷூட்டிங் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஹீரோ கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் நுழைந்து இன்னொரு ஊரான பள்ளத்தூர் வீட்டு வளவுக்குள் நடந்து வேறு ஏதோ வீட்டுப் பின்கட்டில் வெளியே வந்தால், பக்கத்து சீட்டு ஆளைத் தட்டிச் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அது படப்பிடிப்பு சௌகரியம், கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காட்சிக்குக் காட்சி தலைமுடி மாறுவது, உடைந்த கண்ணாடி மறுபடி முழுசாக இருப்பது எல்லாம் இதே கணக்குதான்.

சொல்லாமல் விட்டதும் ஓட்டை ஆகாது. ஸ்பைடர்மேனில் காசுக்கே யோசிக்கும் பையன் அவ்வளவு அழகான உடையை எப்படித் தைத்தான் என்று படம் சொல்வதே இல்லை. தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த சட்டை பொங்கலுக்கு வரும் ஊர்க்காரனான எனக்கு இது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எந்த விதியும் உடையவில்லை. சும்மா ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டு விடுங்கள். ஆனால் இதே கேள்விக்கு பதில் சொல்லும் படம் வந்தால் தாராளமாக மார்க் போடுங்கள். மின்னல் முரளியில் ஹீரோவே தையல்காரன், கேள்விக்கு இடமே இல்லை. பேட்மேன் பிகின்ஸில் முகமூடிக்கான பாகங்களைப் பத்தாயிரம் என்று மொத்தமாக ஆர்டர் செய்கிறார்கள், ஒன்றிரண்டு கேட்டால் சந்தேகம் வரும் என்பதற்காக. வியாபாரம் பார்த்த குடும்பத்தில் பிறந்தவர்கள் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள்.

தற்செயல் என்பது இன்னொரு வகை. ஹீரோவைச் சிக்கலில் மாட்டிவிடும் தற்செயலை விட்டுவிடலாம். அவனைக் காப்பாற்ற வரும் தற்செயலைப் பற்றில் எழுதுங்கள், இரண்டு தடவை வந்தால் அடிக்கோடும் போடுங்கள்.

சரி, வரவுப் பக்கம். பலம் என்றால் சண்டைக் காட்சி, பின்னணி இசை, கிராபிக்ஸ் என்று நிரப்பிவிடாதீர்கள். அதெல்லாம் இரண்டாம் பாகத்திலும் மூன்றாம் பாகத்திலும் இதைவிட அதிகமாகவே இருக்கும். ஹீரோ பிறந்த கதைக்கு மட்டும் உரிய வேலை ஒன்று இருக்கிறது: சக்தி கிடைத்தவன் ஏன் அதை ஊருக்காகப் பயன்படுத்த முடிவெடுத்தான்? படத்தின் முதுகெலும்பே அந்த முடிவுதான், ஆக அதற்கு வந்து சேரும் காட்சிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். சோதனை சுலபம். காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிப் பாருங்கள், இடையில் "அதனால்" வருகிறதா, வெறும் "அப்புறம்" வருகிறதா என்று கவனியுங்கள்.

ஸ்பைடர்மேனை இப்படிச் சொல்லிப் பாருங்கள். பீட்டருக்குப் பிடித்த பெண்ணின் கண்ணில் படக் கார் வேண்டும், அதனால் காசு வேண்டும், அதனால் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 3000 டாலர் என்ற மல்யுத்த விளம்பரத்தைப் பார்த்துப் போகிறான். வீட்டில் சொல்ல முடியாது, அதனால் நூலகம் போவதாகப் பொய் சொல்கிறான், அதனால் பென் மாமா காரில் கொண்டுவந்து விட்டு, திரும்பக் கூட்டிப்போகவும் வருகிறார். ஜெயித்தும் கையில் 100 டாலர்தான் வைக்கிறார்கள், அதனால் அந்த முதலாளியிடம் கொள்ளையடித்து ஓடுகிறவனுக்கு வழிவிட்டு நிற்கிறான். தப்பி ஓடுகிறவனுக்கு வண்டி வேண்டும், வெளியே மாமாவின் கார் நிற்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் "அதே திருடன் அதே மாமாவையா சுடணும்?" என்று தோன்றும். சங்கிலியைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு கண்ணியிலும் பீட்டரின் ஆசை, பொய், கோபம் மூன்றில் ஒன்று இருக்கிறது. அந்தப் படத்தில் எனக்கு வேறு எத்தனையோ குறை உண்டு (வில்லனின் பச்சை முகமூடியை இன்னும் மன்னிக்கவில்லை), ஆனால் இந்த இருபது நிமிடத்தை மட்டும் வைத்தே கடனை வட்டியோடு அடைத்துவிட்டது என்பேன்.

இதே சோதனை ஓட்டையின் எடையையும் காட்டிக்கொடுக்கும். மறுபடி பேட்மேன் பிகின்ஸ். ஆவிக் கருவி ஓட்டை வில்லனின் திட்டத்தில் இருக்கிறது, புரூஸ் எப்படி பேட்மேன் ஆனான் என்பதில் அதற்குப் பங்கில்லை, அதனால் சில்லறை. ஆனால் அதே படத்தில் யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. மலை மேல் பயிற்சி முடியும்போது ஒரு கொலைகாரனின் தலையை வெட்டச் சொல்கிறார்கள், புரூஸ் மறுக்கிறான். மறுத்த கையோடு அந்த இடத்துக்கே தீ வைக்கிறான், வெடித்துச் சிதறுகிறது, உள்ளே எத்தனை பேர் செத்தார்கள் என்று படம் கணக்குக் காட்டுவதில்லை. ஒருவனைக் கொல்ல மாட்டேன் என்ற கொள்கை பிறந்த அதே நிமிடத்தில் பலர் சாகிறார்கள்! அந்தக் கொலைகாரனே தப்பித்தானா என்று தெரியாது. தப்பிக்க வேறு வழி இல்லை, குருவை மட்டும் காப்பாற்றினானே என்று வக்காலத்து வாங்கலாம், வாங்குகிறார்கள். என் கணக்கில் இதுதான் அந்தப் படத்தின் பெரிய பற்று. ஓட்டையின் அளவைப் பார்க்காதீர்கள், அது எந்தத் தூணில் இருக்கிறது என்று பாருங்கள்.

சூப்பர்மேனின் கடைசிக் காட்சி வேறு விதமான சிக்கல். அவன் காதலிக்கும் லோயிஸ் செத்துவிடுகிறாள், அவன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்பிவிடுகிறான். மனித வரலாற்றில் கைவைக்கக் கூடாது என்று அப்பா சொன்ன தடையை மீறுகிறான், அதுவரை உணர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் தடையை மீறியதற்கு அவன் கொடுத்த விலை என்ன? ஒன்றுமில்லை. இனி யார் செத்தாலும் திருப்பிக்கொள்ளலாமே என்ற எண்ணம் வந்துவிட்டால் இனி வரும் பாகங்களில் பயம் எங்கே இருக்கும்? இப்படி வரப்போகும் ஆபத்தை எல்லாம் அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும் ஓட்டைகளைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 2008 அயன் மேனில் ஹீரோ டோனி ஸ்டார்க் நெஞ்சில் பாய்ந்த குண்டுத் துகள்கள் இதயத்தைத் தொடாமல் இருக்க அங்கேயே ஒரு காந்தத்தோடு திரிகிறான், 2013-ல் வந்த மூன்றாம் பாகத்தில் அறுவை சிகிச்சை செய்து சரியாகிவிடுகிறது. "அப்பவே செஞ்சிருக்கலாமே?" நியாயமான கேள்வி, ஆனால் அது மூன்றாம் பாகத்தின் கடன். அதை முதல் படத்தின் தலையில் எழுதாதீர்கள். முதல் படத்தில் கேட்க வேண்டியது வேறு: ஏவுகணை செய்யச் சொல்லி அவனைக் கடத்தி, குகையில் கேமரா வைத்துக் கண்காணிக்கிறவர்களுக்கு, அவன் ஏவுகணைக்குப் பதிலாகக் கவசம் செய்கிறான் என்று எப்படித் தெரியாமல் போகும்? அங்கேயும் அவசரப்படாதீர்கள். தலைவனுக்கு சந்தேகம் வந்து நேரில் வந்து மிரட்டும் காட்சி இருக்கிறது. பாதிக் கடன் அடைந்தது.

முடிந்தால் படத்தை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை நோட்டே வேண்டாம், எந்த இடத்தில் உங்களுக்குத் தானாகவே நெருடியது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தியேட்டரில் உறுத்தாமல் வீட்டுக்கு வந்து யோசித்தபின் உறுத்துவது சின்ன ஓட்டை, உட்கார்ந்திருக்கும்போதே வெளியே தள்ளுவதுதான் பெரியது. இரண்டாம் தடவை வீட்டில் பெரியவர்களோடு பாருங்கள். எங்கள் ஆயா (பாட்டி) எந்தப் படமாக இருந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஏம்பா, இவன் ராத்திரி பூரா கூரை மேல தாவுறானே, காலையில வேலைக்கு யாரு போறது?" விமர்சகர்கள் கேட்காத கேள்வி. ஹீரோவின் பிழைப்பு, தூக்கம், வீட்டில் சொல்லும் சாக்கு இதையெல்லாம் சக்தி என்ன பாடுபடுத்துகிறது என்று காட்டும் படம் எப்போதும் ஒரு படி மேலேதான் நிற்கும்.

கடைசியாக நோட்டில் நாலு வரி எழுதினால் போதும். முதல் கடன் எது, படம் போட்ட விதிகள் எவை, எந்த விதி எந்தக் காட்சியில் உடைந்தது, அந்த உடைப்பு ஹீரோவின் முடிவைத் தொடுகிறதா. ஐந்து நட்சத்திரம், பத்துக்கு ஏழரை என்றெல்லாம் மார்க் போட வேண்டாம், அதை வைத்து யாரும் யாரோடும் பேச முடியாது. காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் டீ குடிக்கும்போது யாராவது லாஜிக்கே இல்லை என்று ஆரம்பித்தால் எந்த விதி, எந்தக் காட்சி என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் நல்ல பேச்சு கிடைக்கும், வராவிட்டால் டீக்காசை அவர் கொடுக்கட்டும்.