ஜப்பானியப் போர் நியூஸ்ரீலை எப்படிப் பார்ப்பது?

வெள்ளைக்கொடியோடு பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் நடந்து வரும் அந்தக் கறுப்பு வெள்ளை நியூஸ்ரீல் (திரையரங்குச் செய்திப்படம்) துண்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைந்த நாள். ஆவணப்படங்கள் இதை நேரடி சாட்சியம் போலப் போட்டுவிடுகின்றன, ஆனால் எடுத்தது ஜெயித்த ஜப்பானியப் படையோடு வந்த கேமரா. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

முதலில் துண்டு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். 1940-இல் ஜப்பான் அரசு பத்திரிகை நிறுவனங்களின் நியூஸ்ரீல் பிரிவுகளையெல்லாம் ஒன்றாக்கியது, அதிலிருந்து வந்ததுதான் 'நிப்பான் நியூஸ்'. தணிக்கை தாண்டாமல் எதுவும் திரைக்குப் போகாது. அந்தச் செய்திப்பட இதழ்களை ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே தன் போர் சாட்சியக் காப்பகத் தளத்தில் எண் வாரியாக வைத்திருக்கிறது. அங்கே போய் முழு இதழைப் பாருங்கள், ஏனென்றால் கைப்பற்றிய இதே காட்சிகளை அமெரிக்கர்கள் வெட்டி, வேறு குரல் ஏற்றி, தங்கள் பிரசாரத்துக்கும் பயன்படுத்தினார்கள். நீங்கள் பார்த்தது எந்த வெட்டு என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சரி, இப்போது ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை ஓடவிடுங்கள். அணிவகுப்பு இசையும் வர்ணனையாளரின் முழக்கமும் போன பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் நடக்கிற, சைக்கிள் மிதிக்கிற, துப்பாக்கியைத் தூக்கி 'பன்சாய்' என்று வெற்றி முழக்கம் போடுகிற வீரர்கள்தான். ஒவ்வொரு ஷாட்டிலும் கேமரா எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பாய்ந்து வருகிற வீரர்களை எதிரி இருக்க வேண்டிய பக்கத்திலிருந்து நிதானமாகப் படம் பிடித்திருந்தால், சண்டை முடிந்த பிறகு திரும்ப நடிக்க வைத்தார்களோ என்று சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

அதற்கப்புறம் காலண்டரை எடுங்கள், எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. சரணடைதல் பேச்சு நடந்த ஃபோர்டு தொழிற்சாலை மேசையில் ஜப்பானியத் தளபதி யமஷிதா அசைக்க முடியாதவர் போல உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அன்று அவரிடம் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன, ஆள்பலமும் எதிரியைவிடக் குறைவு. அடுத்த சில நாட்களிலேயே சூக் சிங் என்ற படுகொலை தொடங்கியது, சிங்கப்பூர்ச் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பிரித்தெடுத்துக் கொன்றார்கள். வெற்றிப் படத்தில் அதற்கு இடமில்லை. 1942 ஜூனில் பசிபிக் கடலில் நடந்த மிட்வே சண்டையில் ஜப்பானின் 4 விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கியதும் ஜப்பான் மக்களுக்குச் சொல்லப்படவில்லை.

நம் ஆட்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் பாடாங் திடலில் இந்திய தேசிய ராணுவ அணிவகுப்பை நேதாஜியும் ஜப்பான் பிரதமர் தோஜோவும் பார்வையிட்டார்கள், அந்த நாட்களின் படச்சுருள்கள் இன்றும் இருக்கின்றன, அந்தப் படையில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். அதே வருடம் அதே தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோன தமிழர்கள் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதையில் காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். முதல் கூட்டம் திரையில் கம்பீரமாக நடக்கிறது, இரண்டாவது கூட்டத்தைத் தேடினால் திரையில் கிடைப்பது அபூர்வம், அவர்களுக்குப் பிழைத்து வந்தவர்கள் சொன்ன கதைகளைத்தான் நம்ப வேண்டும். அதனால் மலேசியாவில் வயதான சொந்தக்காரர் யாராவது இருந்தால் அணிவகுப்புக் காட்சியை அவரிடம் போட்டுக் காட்டுங்கள். காட்டுவதற்கு முன் இதழ் எண்ணையும் நிமிடம் நொடியையும் குறித்துக்கொள்ளுங்கள், அவர் ஒரு முகத்தை அடையாளம் சொன்னால் அந்த ஃபிரேமுக்கு உடனே திரும்ப வேண்டியிருக்கும்.