வானம் கெடாமல் பாறைக்கு வெளிச்சம்: லேயர் மாஸ்க், பிரஷ் முதல் பாடம்

ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனையில் மாலையில் படம் எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். வானத்தின் நிறம் சரியாக விழுந்தால் முன்னால் நிற்கும் ஆட்களும் பாறையும் கரியாகிவிடும். ஆட்களுக்குப் பார்த்து எடுத்தால் வானம் வெளுத்துவிடும். ஒரேயடியாக வெளுத்த வானத்தை மீட்க வழியில்லை. இருட்டுக்குள் ஓரளவு விவரம் ஒளிந்திருக்கும். அதனால் வானத்துக்குப் பார்த்து எடுங்கள், மிச்சத்தைக் கணினியில் சரிசெய்யலாம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். போட்டோஷாப்பிலும் முறை இதேதான், மெனுவும் சில விசைகளும் மாறும்.

1. படத்தைத் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (D) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லேயருக்கு, அதாவது படம் இருக்கும் அடுக்குக்கு, மேலே ஒரு நகல் கிடைக்கும்.

2. மேல் லேயரில் நின்று, கலர்ஸ் மெனுவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸைத் திறந்து, கோட்டின் நடுப்பகுதியை முகம் தெளியும் வரை மேலே இழுங்கள். வானம் கெடும், கண்டுகொள்ளாதீர்கள்.

3. அதே லேயரில் வலது கிளிக் செய்து, ஆட் லேயர் மாஸ்க் போய், கறுப்பைத் தேர்ந்தெடுங்கள். படம் பழைய இருட்டுக்கே திரும்பும். பயப்பட வேண்டாம், வெளிச்சமான லேயர் உள்ளேதான் இருக்கிறது. மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் அரைகுறையாகக் காட்டும். ரப்பரால் அழித்திருந்தால் போனது போனதுதான். மாஸ்க்கை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

4. இனி பிரஷ். பி (P) விசை பிரஷை எடுக்கும். டி, அப்புறம் எக்ஸ் அழுத்தினால் முன்னிறம் வெள்ளையாகும். ஹார்ட்னஸ் 025 போன்ற மென்மையான பிரஷ் போதும். பிரஷின் ஒபாசிட்டியை, அதாவது பெயின்ட்டின் அடர்த்தியை, 25 அளவில் வையுங்கள். லேயர் பலகத்திலும் ஓர் ஒபாசிட்டி உண்டு, அதைத் தொடாதீர்கள். மவுசை விட்டுவிட்டு மறுபடி தீட்டினால்தான் வெளிச்சம் ஒரு படி கூடும். இந்த நிதானம்தான் நமக்கு வேண்டும். 100-இல் ஒரே இழுப்பு இழுத்தால் ஆட்கள் வெட்டி ஒட்டியதுபோல் நிற்பார்கள்.

தீட்டுவதற்கு முன் மாஸ்க்கின் சிறுபடத்தை ஒருமுறை கிளிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை பெயின்ட் படத்தின் மேலேயே விழும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. முகம், சட்டை, பாறையின் முன்பக்கம் என்று உள்ளேயிருந்து விளிம்பை நோக்கி வாருங்கள். விளிம்பு நெருங்கும்போது இடது சதுர அடைப்புக்குறியை அழுத்தி பிரஷைச் சிறிதாக்குங்கள். வானத்தில் வழிந்துவிட்டதா? எக்ஸ் அழுத்தி, கறுப்பால் தீட்டினால் சரி.

ஓரத்தில் சில்வர் ஓக் மரம் வந்திருந்தால் விட்டுவிடுங்கள். இலை இடுக்கில் பிரஷ் நுழைந்தால் மரத்தைச் சுற்றி வெள்ளை வட்டம் வரும். வானத்தின் முன் அது கறுத்து நிற்பதே அழகு, என் கண்ணுக்கு. கீழே சேலத்து விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தால் அந்தப் பக்கமும் போக வேண்டாம். இருட்டைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ்தான் தெரியும்.

5. கண்ட்ரோலைப் பிடித்தபடி மாஸ்க் சிறுபடத்தைக் கிளிக் செய்தால் மாஸ்க் தற்காலிகமாக அணையும். ஆல்ட்டுடன் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையில் தெரியும். தீட்டாமல் விட்ட திட்டுகள் அதில் பளிச்சென்று மாட்டும்.

6. கிம்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமியுங்கள், லேயரும் மாஸ்க்கும் அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்ப எக்ஸ்போர்ட் போய் ஜேபெக் எடுங்கள். அதில் எல்லாம் ஒரே படமாகிவிடும், எனவே எக்ஸ்சிஎஃப்பை அழித்துவிடாதீர்கள்.